கை சொன்னதை மட்டும்

அந்தத் தெருவில் ரேடியோ அக்காவைத் தெரியாதவர் இல்லை. பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்கே கையெழுத்துப் போடும்போதுதான் நினைவுக்கு வரும். வாயைத் திறந்தால் மூட மாட்டாள்; ஒரு நாள் மூடியிருந்தால் உடம்புக்கு என்னவோ என்று பக்கத்து வீட்டார் விசாரிக்க வந்துவிடுவார்கள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் டிரைகிளீனிங் கடையில் அவளுக்கு வேலை. கோட்டைக் கொடுக்க வந்தவர் கறை எங்கே என்று காட்டி முடிப்பதற்குள், அது எந்த விருந்தில் பட்டது, கொட்டிய மச்சான் எப்படிப்பட்டவன், அவனோடு இப்போது பேச்சுவார்த்தை உண்டா இல்லையா என்பது வரை கறந்துவிடுவாள்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன் பிறவியிலேயே காது கேளாதவர். நல்ல பொருத்தம், மனுஷன் தப்பித்தான் என்று தெரு சிரிக்கும். தெருவுக்கு என்ன தெரியும்? அந்த வீட்டில் அதிகம் பேசுகிறவரே அவர்தான்.

அவர் சலூன் வைத்திருந்தார். இரண்டு கண்ணாடி, இரண்டு சுழல் நாற்காலி, ஓரமாக ஒரு வாஷ்பேசின். அமைதிக்குப் பேர் போன சலூன் அது. மற்றக் கடைகளில் அரசியலும் கிரிக்கெட்டும் கேட்டுக் காது புளித்தவர்கள் இங்கே தேடி வந்து உட்கார்ந்து, கத்தரிச் சத்தத்தில் கண்ணயர்ந்து, எழுந்து போவார்கள். பாவம், வாயில்லாப் பூச்சி என்று அவரைப் பற்றி ஒரு அபிப்பிராயம். அந்தப் பூச்சியை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பூங்காவுக்கு எதிரே உள்ள பேக்கரியில் பார்த்திருக்க வேண்டும். அவரைப் போலவே காது கேளாத நண்பர்கள் அங்கே கூடுவார்கள். எல்லார் கண்ணும் அவர் கைகள் மேல்தான் இருக்கும். நாற்காலியில் குறட்டை விட்டவர், வழுக்கையைக் கண்ணாடியில் தடவிப் பார்த்துப் பெருமூச்சு விட்டவர், மீசையை ஒரு மயிரிழை அதிகம் வெட்டியதற்குக் கண்கலங்கியவர் என்று அந்த வாரத்து வாடிக்கையாளர்கள் எல்லாரும் அவர் கையிலும் முகத்திலும் வந்து நின்று ஆடிவிட்டுப் போவார்கள். பேக்கரிக்காரர் மேஜை மேலிருக்கும் கண்ணாடித் தம்ளர்களை முன்கூட்டியே எடுத்து வைத்துவிடுவார். சிரிப்பில் மேஜை அந்தக் குலுங்கு குலுங்கும்.

ரேடியோ அக்கா அந்தப் பேச்சில் விழுந்துதான் அவரைக் கட்டிக்கொண்டாள். அவளுடைய தம்பிக்கும் காது கேளாது. அதனால் கையால் பேசுவது அவளுக்குப் பிறந்த வீட்டுப் பாஷை. தம்பியின் நண்பனாக வீட்டுக்கு வந்தவர், ஒரு நாள் ரயிலைத் தவறவிட்ட கதையைச் சொன்னார். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவள் பார்த்த கண் பார்த்தபடி நின்றுவிட்டாள். சட்டை கருகிய வாசனையை அவள் அம்மா வந்துதான் கண்டுபிடித்தாள். தம்பிக்கு ஒரு சட்டை போயிற்று, ஒரு அத்தான் கிடைத்தார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, சலூனில் டியூப்லைட் கெட்டுப்போகும் வரை. ஏணி இல்லை. உலகத்தில் வேறு எந்தத் தொழில்காரரும் செய்யாத காரியம் ஒன்றை அவர் செய்தார். முடிவெட்டும் நாற்காலி மேல் ஏறி நின்றார். அந்த நாற்காலி எதற்காகச் செய்யப்பட்டதோ அதைச் செய்தது. சுழன்றது.

வலது தோளுக்குக் கீழே எலும்பு முறிவு. அரசு மருத்துவமனையில் கட்டுப் போட்டார்கள், கழுத்தோடு தூளி கட்டினார்கள், நாளானதும் அவிழ்த்தார்கள். எலும்பு நன்றாகக் கூடிவிட்டது. கைதான் மேலே வரவில்லை.

"மூட்டு இறுகிப்போச்சும்மா. உடனே பிசியோதெரபி ஆரம்பிக்கணும், விடாமப் பண்ணணும். லேட் பண்ணா இப்படியே நின்னுடும். அப்புறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார் எலும்பு டாக்டர்.

"இங்கயே பண்ணிடுங்களேன், டாக்டர்."

"இங்க உங்க முறை வர்றதுக்குள்ள மூட்டு கல்லாயிடும். வெளியில அரசு காப்பீட்டு அட்டை எடுத்துக்கற பிசியோவா பாருங்க. பக்கத்துலயே பாருங்க, அடிக்கடி போகணும்."

கை மேலே வராவிட்டால் என்ன குடி முழுகிப்போகும் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். சலூனை அவர் சீக்கிரமே திறந்துவிட்டார். நாற்காலியை அடிவரை இறக்கி, வந்தவர் தலையைக் குனிய வைத்து, முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு வெட்டினார். வெட்டு நேராகத்தான் விழுந்தது. ஆனால் கையால் பேசுகிறவருக்குக் கை என்பது வேறு விஷயம். சாப்பாடு, காசு, கொடு, வை, உட்கார், வேலை, இதெல்லாம் நெஞ்சுக்குக் கீழேயே சொல்லிவிடலாம். நினைப்பு, கனவு, ஞாபகம், கோபம், மரியாதை, சந்தேகம், இதற்கெல்லாம் கை முகத்துக்கும் நெற்றிக்கும் போக வேண்டும். வயிற்றுப்பாட்டுச் சொற்கள் எல்லாம் அவரிடம் மிஞ்சின. மனசுச் சொற்கள் எல்லாம் எட்டாத உயரத்தில் நின்றுவிட்டன.

இடது கையால் பேசிப் பார்த்தார். திக்கித் திணறுகிறவன் கதை சொன்ன மாதிரி இருந்தது. கை தலைக்கு வராவிட்டால் தலை கைக்கு வரட்டும் என்று குனிந்து குனிந்து பேசினார். நாலு வாக்கியத்துக்குள் கழுத்துப் பிடித்துக்கொண்டது. எழுதிக் காட்டலாமே என்றால் அதற்கு மட்டும் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "பொண்டாட்டியோட பேசறதுக்கு நான் சீட்டு எழுதணுமா? மளிகையா வாங்கறேன்?" என்று அந்தப் பாதிக் கையாலேயே கேட்டார். ஞாயிற்றுக்கிழமை பேக்கரிக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார்.

ரேடியோ அக்கா சும்மா இருப்பாளா? அவர் தொடங்கிய வாக்கியத்தை அவள் முடித்து வைக்க ஆரம்பித்தாள். கை நெஞ்சு வரை வந்து தயங்கும்போதே அவள் வாய் முந்திக்கொள்ளும். பக்கத்து வீட்டுக்காரர் வந்து நலம் விசாரித்தால், அவர் இரண்டு சைகை செய்வார், இவள் இருபது வாக்கியம் சொல்வாள். எல்லாம் இனிமையான வாக்கியங்கள். பக்கத்து வீட்டுக்காரர் தலையை ஆட்டிக்கொண்டே போவார். "உங்க வீட்டுக்காரர் முன்னைவிட இப்பதான் தெளிவாப் பேசறார்" என்றுகூட ஒருவர் சொன்னார்.

அப்புறம் தேடல் தொடங்கியது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. அட்டையை அரசாங்கம் கொடுத்துவிட்டது. அதை வாங்கிக்கொள்ள ஆளைத்தான் காணோம். கடையில் கூட்டம் குறைந்த நேரத்தில், பாலித்தீன் உறை போட்ட கோட்டுகள் தலைக்கு மேலே தொங்க, இஸ்திரி எந்திரத்தின் நீராவிக்கு நடுவே நின்றுகொண்டு அவள் ஒவ்வொரு இடமாகப் போன் செய்தாள். காப்பீட்டு அலுவலகம் சொன்ன முதல் எண்ணில் ஒரு நாய் குரைத்தது. பிசியோ காலி பண்ணிப் போய், அங்கே நாய்களுக்கு முடிவெட்டும் கடை வந்திருந்தது. இன்னொரு இடத்தில் அட்டை எடுப்பார்கள், ஆனால் முழங்காலுக்கு மட்டும். இன்னொரு இடத்தில் அட்டை என்ற சொல்லைக் கேட்டதும் லைனில் பாட்டுப் போட்டார்கள். அந்தப் பாட்டு முழுக்க அவளுக்கு மனப்பாடம் ஆனதுதான் மிச்சம்.

ஓரிடத்தில் நல்ல மனசோடு விசாரித்தார்கள். "பேஷன்ட்டுக்கு என்ன பிரச்சினைங்க?"

"கையைத் தூக்க முடியலங்க. அதனால அவரால சரியாப் பேச முடியல."

"பேச்சா? அப்ப நாளைக்கே வாங்க. அட்டை செல்லும்."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு அவரை அழைத்துக்கொண்டு போனாள். சுவரெல்லாம் யானையும் முயலும் ஒட்டிய அறை. குட்டி நாற்காலிகள். திக்குவாய்ப் பிள்ளைகளுக்கும் பக்கவாதத்தில் பேச்சுப் போனவர்களுக்கும் பயிற்சி கொடுக்கிற இடம். அங்கிருந்த பெண் சிரித்த முகத்தோடு அவரைக் குட்டி நாற்காலியில் உட்கார வைத்து, "ஆ சொல்லுங்க" என்று தன் வாயைப் பெரிதாகத் திறந்து காட்டினார். சலூன்காரர் மரியாதையாக வாயைத் திறந்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் இரண்டு பேருக்கும் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அந்தப் பெண்ணுக்கு விளக்கம் சொல்லி மன்னிப்புக் கேட்பதற்குள் ரேடியோ அக்காவுக்கு விலா நோவெடுத்துவிட்டது. பஸ்ஸில் திரும்பி வரும்போது அவருக்கு அதை ஒரு கதையாகச் சொல்லத் தோன்றியது. கை எழுந்தது, நெஞ்சு வரை வந்தது, நின்றது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் அதைப் பார்த்தாள். நாள் போய்க்கொண்டே இருக்கிறது என்ற பயம் அவளுக்கு அன்றைக்குத்தான் முதன்முதலாக வந்தது.

மறுநாள் அவள் கேள்வியை மாற்றினாள். அவளுடைய சாமர்த்தியம் இங்கேதான். அட்டை எடுப்பீர்களா என்று கேட்டால் இல்லை என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார்கள். எனவே முன்பு இல்லை என்று சொன்ன ஒருவருக்கே மறுபடி போன் போட்டு, "நீங்க எடுக்க மாட்டீங்க, தெரியும். உங்க வீட்டு ஆளுங்க யாராவது இந்த அட்டையோட வந்தா எங்க அனுப்புவீங்க?" என்றாள். எதிர்முனையில் இருந்த ரிசப்ஷனிஸ்ட் சற்று யோசித்தார்.

"எங்க அம்மாவை நீச்சல் குளத்துக்குத்தான் அனுப்பினேன்" என்றார் குரலைத் தாழ்த்தி. "பழைய நீச்சல் குளம் இருக்குல்ல, அதுக்குப் பின்பக்கம். போர்டு இருக்காது. அந்த அம்மா கொஞ்சம் கடுகடுன்னு இருப்பாங்க. ஆனா கை நல்ல கை."

பழைய நீச்சல் குளம் அவர்கள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளித்தான் இருந்தது. ஊரெல்லாம் தேடியவள் தலையில் அடித்துக்கொண்டாள். குளம் வறண்டு கிடந்தது. குளோரின் வாடை மட்டும் இன்னும் போகவில்லை. உடை மாற்றும் அறையில் பெஞ்சு போட்டு நோயாளிகள் காத்திருந்தார்கள். உள்ளே ஒரு கட்டில், கதவில் மாட்டிய கப்பியும் கயிறும், விரலால் ஒவ்வொரு படியாக ஏறிப் பழகச் சுவரில் பதித்த ஒரு மர ஏணி. ஆவி பறக்கும் வெந்நீர்க் குவளை ஒன்று ஜன்னலோரம் இருந்தது. பிசியோ நடுவயதுப் பெண்மணி, உயரம், முகத்தில் ஈயாடாது. ஒவ்வொருவரையும் தொடுவதற்கு முன்னால் தன் கைகளை அந்த வெந்நீரில் நனைத்துத் துடைத்துக்கொள்வார். தன் கை சில்லென்று இருக்கும், வலி உள்ளவர் உடம்பு அதற்கே பயந்து இறுகிக்கொள்ளும் என்பது அவர் கணக்கு. அதைப் பார்த்ததுமே ரேடியோ அக்காவுக்கு அவரைப் பிடித்துவிட்டது. அவர் பேசியதும் பிடிக்காமல் போய்விட்டது.

"நீங்க கொஞ்சம் வெளியில உக்காருங்க."

"நான் இல்லாட்டி அவர் எப்படிப் பேசுவார்?"

"நான் அவர் கையைப் பிடிச்சிருக்கும்போது நீங்க இருந்தாலும் அவர் எப்படிப் பேசுவார்?"

ரேடியோ அக்காவுக்கு வாயடைத்துப்போனது. ஊர் வரலாற்றில் இது பதிய வேண்டிய சம்பவம். வலித்தால் சொல்லுங்கள் என்று எல்லா நோயாளியிடமும் சொல்வார்கள். இவருக்கோ வலிக்கிற கையே வாய். கையைப் பிடிப்பது வாயைப் பொத்துவது மாதிரி. பிசியோ அதற்கும் ஒரு வழி செய்தார். இடது கையால் கட்டிலில் ஒரு தட்டுத் தட்டினால் பொறுத்துக்கொள்கிறேன் என்று அர்த்தம், இரண்டு தட்டினால் நிறுத்து. சலூன்காரர் கடைசி வரை இரண்டு தட்டுத் தட்டவே இல்லை. நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நிற்கும், பல்லைக் கடித்துக்கொள்வார், ஒரே ஒரு தட்டு. மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார அனுமதி வாங்கிய ரேடியோ அக்காதான், "வலிக்குதுங்க, வலிக்குது!" என்று அலறுவாள்.

"அவருக்கா, உங்களுக்கா?" என்பார் பிசியோ, திரும்பிப் பார்க்காமலேயே.

ஒரு நாள் அக்கா நேராகவே கேட்டுவிட்டாள். "அட்டைன்னா எல்லாரும் காத தூரம் ஓடறாங்க. நீங்க மட்டும் ஏங்க எடுக்கறீங்க?"

"அட்டை வச்சிருக்கறவங்களுக்குத்தான் சொந்தக் கை கால் வேணும். மத்தவங்களுக்குத் தூக்கவும் வைக்கவும் ஆள் இருக்கு" என்றார் பிசியோ. அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு சொல் வாங்க முடியவில்லை. அக்கா அந்த ஒரு பதிலை வாரக்கணக்கில் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். மூட்டு நகர்ந்தது. கை விலாவை விட்டு விலகி, நெஞ்சு தாண்டி, மெல்லத் தோள் உயரத்துக்கு வந்தது. அதோடு காப்பீட்டு அலுவலகத்திலிருந்து போன் வந்தது. தோள் உயரத்துக்குக் கை வருகிறது, தொழில் பார்க்கிறார், ஆகவே சிகிச்சை முடிந்ததாக எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். ரேடியோ அக்கா நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். கேட்டு என்ன? போனில் பேசியவர் தனக்குச் சொன்னதைச் சொல்கிறவர். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போய்விட்டதே என்று அன்றைக்கு அவள் கோட்டுகளுக்கு நடுவே நின்று அழுதாள்.

பிசியோ அழவில்லை. மேலாய்வு கேட்டு விண்ணப்பம் போட்டார். ஒரு டாக்டர் நேரில் பார்த்து முடிவு சொல்வார். போவதற்கு முன்னால் ஒத்திகை பார்க்க வேண்டும் என்று இரண்டு பேரையும் வரச் சொன்னார்.

"நான்தான் டாக்டர்னு வச்சுக்குங்க. உங்களுக்கு என்ன கஷ்டம்?"

சலூன்காரர் சொன்னார். ரேடியோ அக்கா மடை திறந்தாள். முன்பு மாதிரி நண்பர்களோடு கதை பேச முடியவில்லை, நினைத்ததைச் சொல்ல முடியாத வாழ்க்கை என்ன வாழ்க்கை, ராத்திரி கனவில்கூடக் கை எழவில்லை என்று அடுக்கிக்கொண்டே போனாள்.

பிசியோ கேட்டு முடித்தார். "இவ்வளவும் அவர் சொன்னாரா?"

"ஆமாங்க."

"எனக்கு உங்க பாஷை தெரியாது. ஆனா இந்தக் கையைத் தெரியும். வழியில நாலஞ்சு இடத்துல அது பாதியிலயே நின்னுச்சு. நீங்க எங்கயும் நிக்கவே இல்லையே?"

அக்கா முகம் சிவந்தது. "புருஷன் பேச்சைப் பொண்டாட்டி முடிச்சு வைக்கிறது தப்பாங்க?"

"தப்புன்னு நான் சொல்லல. நீங்க இவ்வளவு அழகாப் பேசினா, டாக்டர் 'நல்லாத்தானே பேசறார்'னு சொல்லி அனுப்பிடுவார். நாளைக்கு மட்டும் கை சொன்னதை மட்டும் சொல்லுங்க. கை நிக்கற இடத்துல நீங்களும் நில்லுங்க."

மலையைத் தூக்கச் சொன்னால் தூக்கியிருப்பாள். நடந்து வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவளுக்கு ஆறவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் அவரிடமே கேட்டாள். "நான் நடுவுல சேத்துச் சொல்றேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவர் சிரித்தார். "நான் ரெண்டு சொல் சொன்னா எதிர்ல இருக்கறவங்க அவ்வளவு நேரம் தலையாட்டறாங்க. தெரியாம இருக்குமா?"

"அப்ப ஏன் எங்கிட்ட சொல்லல?"

அவர் பதில் சொல்ல ஆரம்பித்தார். கை எழுந்தது, காலரில் நின்றது. அவளுக்கு நாக்கு நுனி வரை ஒரு பதில் வந்தது. வாயை மூடிக்கொண்டாள். கை இறங்கியது. அன்றைக்கு அதற்குப் பதில் கிடைக்கவில்லை.

மேலாய்வு டாக்டர் கெட்டவர் இல்லை, அவசரக்காரர். கையைத் தூக்கச் சொன்னார். தோள் வரை வந்தது. தலை சீவ முடிகிறதா என்றார். சலூன்காரர் தலையைக் குனிந்து சீவிக் காட்டினார். சட்டை போட முடிகிறதா, சாப்பிட முடிகிறதா, தொழில் பார்க்க முடிகிறதா? எல்லாவற்றுக்கும் ஆமாம். டாக்டர் பேனாவை எடுத்தார். எடுத்தவர், மனசு கேட்காமலோ பழக்கத்தினாலோ, "வேற ஏதாவது கஷ்டம் உண்டா?" என்றார்.

சலூன்காரர் எழுந்து நின்றார். ரேடியோ அக்கா டாக்டர் முகத்தைப் பார்க்கவில்லை. கையையே பார்த்தாள். ஒரு சொல்லைக்கூடத் தவறவிடக் கூடாது, ஒரு சொல்லைக்கூடச் சேர்க்கவும் கூடாது.

"நான் வேலை செய்யறேன்" என்றாள் அவள். "சாப்பிடறேன். என் மனைவி..."

கை மேலே ஏறியது. தோளைத் தாண்ட முயன்றது. இடது கை வந்து முழங்கைக்கு முட்டுக் கொடுத்தது. குனிந்தால் நெற்றி கைக்கு எட்டிவிடும். அவர் குனியவில்லை, நிமிர்ந்தே நின்றார். கை அங்கேயே நின்று, தோற்று, இறங்கியது. அவள் நின்றாள்.

"உங்க மனைவி?" என்றார் டாக்டர்.

மறுபடி கை எழுந்தது. "என் மனைவி முன்னாடி... என்னை..." என்றாள் அவள். மறுபடி நின்றாள். "இப்ப வேலை செய்யற கை... ஆனா என் மனைவி..."

"என்னம்மா சொல்றார்?"

"தெரியலங்க."

"தெரியலயா? நீங்கதானே அவருக்குப் பேசறவங்க?"

என் மனைவி எனக்காக எவ்வளவோ பாடுபடுகிறாள், அவளுக்கு நான் பாரமாகிவிட்டேன். இதுதான் அவர் சொல்ல வந்தது என்று அவளுக்கு நிச்சயமாகப் பட்டது. அழகான வாக்கியம். டாக்டர் உருகிப்போவார். அது அவள் நாக்கில் குதித்துக்கொண்டு நின்றது. பிறந்ததிலிருந்து எந்த வாக்கியத்தையும் அடக்கி வைக்காதவள், அதைப் பல்லுக்குப் பின்னால் பிடித்து நிறுத்தினாள். அவள் பட்ட பாடு கழுத்து நரம்பைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

"கை அந்த இடத்துக்குப் போகலங்க. போயிருந்தா சொல்லியிருப்பேன்."

டாக்டர் காகிதத்தையும் பேனாவையும் சலூன்காரர் பக்கம் நகர்த்தினார். அவர் அந்தப் பேனாவின் மூடியைப் பதமாகப் போட்டு, டாக்டர் பக்கமே திருப்பி வைத்தார்.

"எழுதத் தெரியும்ங்க, நல்லாவே எழுதுவார். ஆனா அவர் பேசத்தான் வந்திருக்கார்" என்றாள் அக்கா. இது அவளுடைய சொந்த வாக்கியம்.

டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். "விழுந்ததுலேருந்து இப்படித்தானா?"

"ஆமாங்க. நான்தான் நடுவுல ஒட்டுப் போட்டுட்டு இருந்தேன். அதனால யாருக்கும் கிழிசல் தெரியல."

டாக்டர் தன் கையைத் தூக்கி, தோளுக்கு நேரே நிறுத்தி, அதற்கும் தன் நெற்றிக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைப் பார்த்தார். "இவருக்குப் பேச்சு பாதி இதுக்கு மேலதான் இருக்கு, இல்ல?" என்றார். கை தலையைத் தொடும் வரை சிகிச்சையைத் தொடரலாம் என்று எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும், அங்கே என்ன சொல்ல வந்தீர்கள் என்று கேட்டிருப்பாள். அவளும் கேட்டாள். "அவசரம் இல்ல. கை வரட்டும்" என்றார் அவர், நெஞ்சுக்குக் கீழேயே. அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது அவளுக்கு எப்பேர்ப்பட்ட தவம் என்பதைத் தெருவைக் கேட்டால் சொல்லும்.

அதிலிருந்து அவள் அவர் பேச்சில் ஒட்டுப் போடுவதையும் விட்டுவிட்டாள். கை நின்ற இடத்தில் அவளும் நின்றாள். பக்கத்து வீட்டுக்காரருக்கு முதலில் சங்கடமாக இருந்தது. போகப் போக அவரும் காத்திருக்கக் கற்றுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் சலூன்காரர் மறுபடி பேக்கரிக்குப் போனார். ஓட்டை ஓட்டையாகத்தான் கதை சொன்னார். நண்பர்கள் யாரும் ஓட்டையை அடைக்கவில்லை. பிறவியிலிருந்து காத்திருந்தே பழகியவர்கள் அவர்கள்.

பிசியோ பிடித்த பிடியை விடவில்லை. வெந்நீரில் கையை நனைப்பார், துடைப்பார், தொடங்குவார். சுவர் ஏணியில் சலூன்காரரின் விரல்கள் ஒவ்வொரு படியாக ஏறின. சில வாரம் ஒரே படியில் நின்றன. கப்பிக் கயிறு தேய்ந்து, புதுக் கயிறு மாட்டினார்கள். ரேடியோ அக்கா தன் ஸ்டூலில் உட்கார்ந்து, அலறாமல், உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஒரு காலையில் அவர் விரல்கள் ஏணியின் கடைசிப் படியைத் தொட்டன. அவர் ஏணியை விட்டுவிட்டார். சுவரின் துணையில்லாமல் கையை அப்படியே வளைத்து நெற்றிக்குக் கொண்டுவந்தார். வந்துவிட்டது. பிசியோ போய்க் குவளைத் தண்ணீரை மாற்றிக்கொண்டு வந்தார். அவர் முகத்தில் முதன்முறையாக ஈயாடியது.

சலூன்காரர் மனைவி பக்கம் திரும்பினார். உடம்பை நிமிர்த்திக்கொண்டு, இரண்டு கையாலும், ஒரு சொல்லையும் விழுங்காமல் பேசினார்.

"அன்னைக்கு டாக்டர்கிட்ட சொல்ல வந்தது இதுதான். என் மனைவி முன்னாடி என்னைப் பாத்துக்கிட்டே இருப்பா. நான் என்ன சொல்லப் போறேன்னு தெரியாம, கண்ணை எடுக்காமப் பாப்பா. கை விழுந்த பிறகு அவ என்னைப் பாக்கறதே இல்ல. நான் தொடங்கினதும் அவளுக்கு முடிவு தெரிஞ்சுடுது. எதிர்ல இருக்கறவங்க முகத்தைப் பாத்துச் சொல்ல ஆரம்பிச்சுடறா. இப்ப வேலை செய்யற கை எங்கிட்ட இருக்கு. ஆனா என் மனைவி நெனைக்காத ஒண்ணைச் சொல்ற கை எனக்கு வேணும். அது வந்தா அவ மறுபடி என்னைப் பாப்பா."

குவளையோடு நின்றுகொண்டிருந்த பிசியோ, "என்ன சொல்றார்?" என்றார்.

ரேடியோ அக்கா வாயைத் திறந்தாள். மூடினாள். "அது எனக்குச் சொன்னதுங்க" என்றாள்.

பிறகு கண்ணைக்கூடத் துடைக்காமல், அவர் கைகளை விட்டுப் பார்வையை எடுக்காமல், இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கையால் கேட்டாள். முதல் தடவையே அவளுக்கு எல்லாம் புரிந்திருந்தது.